பி.எஸ்.டபிள்யூ. சேரலாமா? படித்து முடித்தவளின் மதிப்புரை

“பி.காம். முடிஞ்சு போச்சுங்க. பி.எஸ்.டபிள்யூ. இருக்கு, போடவா?”

2022 ஆகஸ்டில், மதுரையில் ஒரு கல்லூரி அலுவலக ஜன்னலில், என் படிப்பு இப்படித்தான் முடிவானது. அந்த எழுத்துகளின் விரிவுகூட (பேச்சலர் ஆஃப் சோஷியல் ஒர்க், சமூகப்பணி இளநிலைப் பட்டம்) அப்போது எனக்குத் தெரியாது. அப்பா தயங்கித் தயங்கி, “அது என்ன படிப்புங்க?” என்று கேட்டார். கிளார்க் தலை நிமிராமல், “சமூக சேவை” என்றார். பணத்தைக் கட்டி ரசீதை மடித்து வைத்துக்கொண்டு பேரையூர் பஸ் ஏறினோம். திருமங்கலம் தாண்டும் வரை அப்பா வாய் திறக்கவில்லை. அப்புறம், “சேவை செய்ய எதுக்குத்தா காலேஜு? அத இங்ஙனயே செய்யலாம்ல” என்றார்.

நியாயமான கேள்விதான். பதில் பிடிபட எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. 2025-ல் படிப்பை முடித்தேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள், அவர்களைவிட அவர்களுடைய அம்மாக்கள், போன் பண்ணி “அந்தப் படிப்பு எப்படிம்மா?” என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வேறு ஊர்களில் இதே பட்டம் படித்த தோழிகளிடம் பேசிப் பார்த்தால், குறைகளும் நிறைகளும் முக்கால்வாசி ஒன்றாகத்தான் இருக்கின்றன.

முதல் நாள் வகுப்பிலேயே எங்கள் துறைத் தலைவர் ஒரு காரியம் செய்தார். “ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீங்க?” என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். 23 பேரில் பத்துப் பதினைந்து பேராவது “சமூக சேவை செய்ய” என்றோம். (உண்மை என்னவென்றால் முக்கால்வாசிப் பேர் என்னைப் போல வேறு சீட் கிடைக்காமல் வந்தவர்கள்.) எல்லோரும் சொல்லி முடித்ததும் கரும்பலகையில் ‘சேவை’ என்று எழுதி அதன்மேல் ஒரு கோடு போட்டார். கீழே ‘பணி’ என்று எழுதினார். “சேவைன்னா மனசு இருந்தா போதும். பணிக்கு முறை வேணும், பதிவு வேணும், தப்பு பண்ணினா கேக்க ஆள் வேணும், சம்பளமும் வேணும்.” கடைசி வார்த்தைக்கு எல்லோரும் கைதட்டினோம். அந்தக் கடைசி வார்த்தையைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

வகுப்பறைப் பாடத்துக்கு ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். அதிலும் அரை ஸ்டார் தமிழில் பரீட்சை எழுத விட்டதற்காக. நான் ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் தமிழ் வழி. பாடத்தை நடத்துவது பாதி ஆங்கிலம் பாதி தமிழ். ஜெராக்ஸ் கடையில் வாங்கும் நோட்ஸ் முழுக்க ஆங்கிலம். பரீட்சை எழுதுவது தமிழ். ஒரே சொல்லுக்கு மூன்று நோட்டில் மூன்று மொழிபெயர்ப்பு இருக்கும். கேஸ் ஒர்க்கை, அதாவது ஒரு ஆளோடு உட்கார்ந்து பேசி அவர் சிக்கலுக்கு உதவும் முறையை, ஒருவர் ‘தனிநபர் சமூகப்பணி’ என்பார், இன்னொருவர் ‘தனியர் ஆய்வு’ என்பார். கடைசியில் எல்லோரும் ‘கேஸ் ஒர்க்’ என்றே எழுதினோம். தனிநபர், குழு, சமுதாயம், நல நிர்வாகம், ஆராய்ச்சி, சமூகச் செயல்பாடு என்று ஆறு முறைகள். அவற்றைச் சுற்றிக் கொஞ்சம் சமூகவியல், கொஞ்சம் உளவியல். கூடவே எல்லாப் பட்டப்படிப்புக்கும் உள்ள தமிழ், ஆங்கிலம், சுற்றுச்சூழல், ‘நான் முதல்வன்’ வகுப்பு. கஷ்டமான படிப்பு இல்லை. பரீட்சைக்கு முந்தின வாரம் உட்கார்ந்தால் அரியர் இல்லாமல் தேறிவிடலாம். அதுதான் இதன் பலவீனமும்.

வரலாற்றுப் பாடத்தில் எனக்கு இன்னும் ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936-ல் பம்பாயில் தொடங்கியது, சர் தொராப்ஜி டாடா பெயரிலான பள்ளி, கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் முன்னின்று நடத்தினார், அதுதான் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம்: ஐந்து மதிப்பெண். சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்: இன்னொரு ஐந்து மதிப்பெண். சரி, தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் அதற்கு முந்தின பாடம் முழுக்க இங்கிலாந்து. 1601 ஏழைகள் சட்டம், 1869-ல் லண்டன் சாரிட்டி ஆர்கனைசேஷன் சொசைட்டி, 1884-ல் டாய்ன்பி ஹால். வடலூரில் வள்ளலார் தருமசாலை அடுப்பைப் பற்றவைத்தது 1867-ல். லண்டன்காரர்களுக்கு இரண்டு வருஷம் முன்னால். அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை. எங்கள் நோட்ஸில் அதற்கு ஒரு வரி இல்லை. தாய்மாமா வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு வடலூர் போகிறவர். அவர் சொல்லித்தான் அந்த வருஷக் கணக்கே எனக்குத் தெரியும். முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லம் தொடங்கியதைக்கூட நான் வேறொரு போட்டித் தேர்வுப் புத்தகத்தில்தான் படித்தேன். ‘சேவை இல்லை, பணி’ என்று கோடு போட்டவர்கள், எங்கள் ஊர்ச் சேவையை வரலாற்றிலிருந்தே கோடு போட்டு அடித்துவிட்டார்களோ என்று தோன்றும். கேட்டதற்கு, “சிலபஸ்ல இல்லம்மா” என்றார்கள்.

இனி களப்பணி. இந்தப் படிப்பை வேறு எந்த பி.ஏ.விலிருந்தும் பிரிப்பது இதுதான். எங்களுக்கு வியாழன், வெள்ளி வகுப்பு கிடையாது. ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டி, ஜோல்னா பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். முதல் செமஸ்டரில் சும்மா சுற்றிப் பார்ப்பது. அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள்; 1976-ல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய கதையைச் சொல்லி, காசு கட்டுகிறவர் தருவதில் கட்ட முடியாதவருக்கும் அறுவை நடப்பதை விளக்கினார்கள். முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி, மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம் என்று அந்த அரை வருஷம் டூர் மாதிரிப் போய்விட்டது. அப்புறம்தான் ஆளுக்கு ஒரு இடம், அதாவது ‘ஏஜென்சி’, ஒதுக்குவார்கள். போன நாளைக்கு எல்லாம் ரெக்கார்டு நோட்டில் கையால் எழுத வேண்டும். திங்கட்கிழமை காலையில் மேசையில் இருக்க வேண்டும்.

மூன்றாம் செமஸ்டரில் எனக்குக் கிடைத்தது ஒரு காசநோய்ப் பிரிவு. அங்கே இருந்த சிகிச்சை மேற்பார்வையாளர், பாதியில் மாத்திரையை விட்டவர்கள் பட்டியலிலிருந்து ஒருவரைக் காட்டி, “இவரப் பாருங்க. மூணு வாரமா வரல” என்றார். ஐம்பது வயதைத் தாண்டிய சுமை தூக்கும் தொழிலாளி. லைன் வீடு. ஏழு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ்.

முதல் தடவை போனபோது துண்டுப் பிரசுரத்தை நானே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஆறு மாசம் விடாமல் சாப்பிட வேண்டும், பாதியில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறும், சத்துணவுக்கு மாசம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் (அப்போது 500, 2024 நவம்பரிலிருந்து 1,000). எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் “சரிம்மா” என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். விடுதிக்கு வந்து இரண்டரைப் பக்கம் எழுதினேன். பேசியதைப் பேசியபடியே எழுத வேண்டும் என்பது விதி. ப்ராசஸ் ரெக்கார்டிங் என்பார்கள்.

நோட் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் எங்கள் களப்பணி சூப்பர்வைசர் மேடம் எழுதியிருந்தார்: “நீ பேசியது 31 வரி. அவர் பேசியது 4 வரி. அதில் 3 வரி ‘சரிம்மா’. கேஸ் ஒர்க் யாருக்கு நடந்தது?”

அழுகையே வந்துவிட்டது. அடுத்த வாரம் போனபோது பிரசுரத்தை எடுத்துப்போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தேன். அவர் வெங்காய விலையைப் பற்றிப் பேசினார். மூட்டைக்கு எவ்வளவு கூலி, எந்த மண்டியில் டீக்காசு தனியாகக் கொடுப்பார்கள் என்று சொன்னார். மூன்றாவது தடவையும் மண்டிக் கதைதான். நான்காவது தடவை, வீட்டில் யாரும் இல்லாதபோது, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து ஒன்றுக்குப் போனால் செக்கச்செவேல் என்று வருகிறதாம். பொதுக் கக்கூஸில் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “என்னய்யா, ரத்தமா போகுது?” என்று கேட்டிருக்கிறார். கிட்னி போய்விட்டது என்று இவர் முடிவு செய்து மாத்திரையை நிறுத்திவிட்டார். டாக்டரிடம் சொன்னால் பெரியாஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிடுவார்கள், கூலி போய்விடும் என்று பயம். பெண்பிள்ளையான என்னிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சம் வேறு.

ரிஃபாம்பிசின் என்ற மாத்திரை சிறுநீரை ஆரஞ்சும் சிவப்புமாக மாற்றும். அதனால் கெடுதல் கிடையாது. அந்தப் பிரிவில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரியும். முதல் நாள் சொன்ன பத்து விஷயங்களோடு இதையும் சொல்லியிருப்பார்களாக இருக்கும். மேற்பார்வையாளர் வந்து ஒரு நிமிஷம் பேசினார், அவர் மறுபடி மாத்திரையைத் தொடங்கினார். முழுக் குணம் ஆனாரா என்று எனக்குத் தெரியாது. ஆறு மாதம் முடிவதற்குள் எனக்கு செமஸ்டர் முடிந்துவிட்டது. இந்தப் படிப்பில் பழகிக்கொள்ள வேண்டிய இன்னொன்று அது: முடிவு தெரியாமலேயே எழுந்து வர வேண்டும்.

அப்பா கேட்டதற்குப் பதில் அன்றைக்கு வாசற்படியில் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்ஙனயே செய்யலாம்தான். ஆனால் என் நோட்டில் சிவப்பு மையால் எழுத இங்ஙன யாரும் இல்லை.

களப்பணிக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம் என்று இருந்தேன். நான்காம் செமஸ்டரை நினைத்து மூன்றரை ஆக்கிவிட்டேன். அந்த அரை வருஷம் எங்கள் மேடம் வேலையை விட்டுப் போய்விட்டார். கௌரவ விரிவுரையாளர் சம்பளம் அப்படி. மூன்று வருஷத்தில் நான்கு பேர் மாறினார்கள். பதினோரு பேருக்கு ஒரே சூப்பர்வைசர். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் தேதியும் மட்டும் விழுந்துகொண்டிருந்தன.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளை வைத்துக் குழுப்பணி. எட்டு அமர்வுக்கு நான் போட்டுவைத்த திட்டத்தை இரண்டாவது அமர்விலேயே அவர்கள் கலைத்துவிட்டு கோ-கோ ஆடப் போய்விட்டார்கள். நானும் போனேன், அதற்கப்புறம்தான் என்னோடு பேசவே ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஒரு பிள்ளை மட்டும் பின்தங்கி நின்று, “யார்ட்டயும் சொல்லக் கூடாதுக்கா” என்றாள். நான் சத்தியம் செய்தேன். அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. வீட்டுக்குள் நடக்கிற விஷயம், அவள் வயதுக்கு நடக்கவே கூடாத விஷயம்.

கேஸ் ஒர்க்குக்கு பீஸ்டெக் என்பவர் சொன்ன ஏழு கோட்பாடுகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஏற்றுக்கொள்ளுதல், தீர்ப்பிடாமை, சுயநிர்ணயம், ஏழாவது ரகசியம் காத்தல். ராத்திரி முழுக்க அந்த ஏழாவதைப் பிடித்துக்கொண்டு விடுதிக் கட்டிலில் விழித்துக் கிடந்தேன். காலை ஆறரை மணிக்கு, வேலையை விட்டுப்போன அந்தப் பழைய மேடத்துக்குத்தான் போன் அடித்தேன். அவர் பதறவில்லை. “குழந்தை விஷயத்துல அந்த ரகசியம் செல்லாது. 1098-க்கு, குழந்தைகள் ஹெல்ப்லைனுக்கு, இப்பவே பேசு. பேசிட்டு அவகிட்டப் போய், ஏன் சொன்னேன்னு நீயே சொல்லு” என்றார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012, 19-வது பிரிவு: தெரிந்தவர் யாராக இருந்தாலும் தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. இந்த இரண்டு வரியும் எங்களுக்குப் பாடமாக வந்தது எப்போது தெரியுமா? ஆறாம் செமஸ்டரில், ‘சமூகச் சட்டங்கள்’ தாளில், மூன்றாவது யூனிட்டில். பத்தொன்பது வயசுப் பிள்ளையை நாலாம் செமஸ்டரிலேயே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, சட்டத்தை ஒரு வருஷம் கழித்துச் சொல்லித் தருகிறார்கள். நீச்சல் தெரியாதவளைக் கிணற்றில் இறக்கிவிட்டு, கயிறு அடுத்த வருஷம் வரும் என்பதுபோல. அதோடு, இப்படி ஒன்றைக் கேட்டுவிட்டு வருகிறவளுடைய தூக்கத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கோபம் இன்னும் தீரவில்லை.

கிராம முகாம் நல்லது. நத்தம் பக்கம் ஒரு கிராமம், ஏழு நாள், பள்ளிக்கூடத்தில் தங்கல், முறை வைத்துச் சமையல். முதல் நாள் உப்புமா களியாகிவிட்டது, ஊர்ப் பெரியம்மா ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, “மக்களுக்கு என்ன சொல்லித் தர வந்தீக?” என்று கேட்டுச் சிரித்தார். சாயங்காலம் வீதி நாடகம். குடியின் தீமை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாத்தா, “இந்த வருஷமும் அதே குடி நாடகந்தானா?” என்றார். ஒவ்வொரு கல்லூரியும் வந்து அதையே போட்டுவிட்டுப் போகிறதாம். வசனம்கூட அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

நாடகத்தை விடுங்கள். மூன்றாம் நாள் சமூக வரைபடம் போட்டோம். ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, மந்தையில் (ஊர்ப் பொதுத் திடலில்) கோலப்பொடியைக் கொடுத்து, உங்கள் ஊரை நீங்களே வரையுங்கள் என்று விட்டுவிட வேண்டும். நாம் கை வைக்கக் கூடாது. கோயில், கண்மாய், டீக்கடை, ரேஷன் கடை, தெருத்தெருவாக வீடுகள் என்று ஆர்வமாகப் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் மந்தை நிறைந்துவிட்டது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்த காலனி மட்டும் வரைபடத்தில் இல்லை. காலையில்தான் அங்கே தண்ணீர் பிடித்துவிட்டு வந்திருந்தோம். எங்கள் வகுப்புப் பையன் ஒருவன், “அங்கிட்டு ஒரு நாப்பது வீடு இருக்குல்லண்ணே” என்று ஆரம்பித்தான். சார் அவனுக்குக் கண் காட்டினார். யாரும் பேசவில்லை. மறுநாள் காலனிக்குப் போய் அதே கோலப்பொடியைக் கொடுத்தோம். அவர்கள் முதலில் ஊரைப் போட்டார்கள், கோயில், மந்தை, டீக்கடை எல்லாம். அப்புறம் தங்கள் தெருவை. பெண்கள் பொடியை வாங்கி, ராத்திரி விளக்கு எரியாத பாதையை மட்டும் தனியாகக் காட்டினார்கள். இரண்டு படத்தையும் சார்ட்டில் நகல் எடுத்துச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினோம். அன்றைக்கு ராத்திரி குரூப் மீட்டிங்கில் சார் பாடம் எதுவும் நடத்தவில்லை. “பாத்துக்கிட்டே இருங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். எங்கள் வகுப்பிலேயே ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் உண்டு. ஒன்றரை வருஷமாக ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்குத்தான் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசினோம். சண்டையும் வந்தது.

மறைக்காமல் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். ‘களப்பணி’ என்ற பெயரில் வெயிலில் பேனர் பிடித்து நின்ற நாட்களைக் கூட்டினால் ஒரு மாதம் தேறும். பேரணி, மனிதச் சங்கிலி, டிசம்பர் 1 எய்ட்ஸ் தினம், மார்ச் மூன்றாம் செவ்வாய் உலக சமூகப்பணி நாள், ஏதோ ஒரு விருந்தினருக்கு வரவேற்பு. ஐந்தாம் செமஸ்டரில் ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ஆறு பேரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, சர்வே படிவங்களை எக்செல்லில் ஏற்ற வைத்தது. சம்பளம் இல்லாத டேட்டா என்ட்ரி. ஒரு நன்மை உண்டு: எக்செல் கற்றுக்கொண்டேன். அது எந்தத் தாளிலும் இல்லை.

செலவு. சுயநிதிப் பிரிவு என்பதால் வருஷத்துக்கு 24,000 ரூபாய் கட்டணம், பரீட்சைக் கட்டணம் தனி, முகாமுக்கு 2,200, மூன்றாம் வருஷச் சுற்றுலாவுக்கு 6,500 கேட்டார்கள், நான் போகவில்லை. நான் அரசு விடுதியில் இருந்ததால் சாப்பாட்டுக் கவலை இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் திட்டம் நான் சேர்ந்த அதே வருஷம், 2022 செப்டம்பரில் தொடங்கியது; மாசம் 1,000 ரூபாய் என் கணக்கில் விழும். பையன்களுக்கு அப்போது அது கிடையாது, தமிழ்ப் புதல்வன் 2024-ல்தான் வந்தது. எங்கள் செட் பையன்கள் களப்பணிக்குக் கைக்காசு போட்டுத்தான் போனார்கள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் இல்லையென்றால், வாரம் இரண்டு நாள் மூன்று பஸ் மாறிப் போகிற இந்தப் படிப்பை என் மாதிரிப் பிள்ளைகள் பாதியிலேயே விட்டிருப்போம் என்று அடித்துச் சொல்வேன். கண்டக்டர் அந்த ஓசி டிக்கெட்டைக் கிழிக்கும்போது விடும் பெருமூச்சையும் சேர்த்துத்தான் படித்தேன். இன்னொன்று, விடுதியில் ஆறு மணிக்குள் கேட் அடைப்பு. களத்தில் ஆட்கள் வேலையை முடித்து வீடு திரும்புவதே ஆறு மணிக்கு. வார்டனிடம் கல்லூரி ஒரு கடிதம் கொடுத்தால் தீர்ந்துவிடும். கேட்டு வாங்க வேண்டும்.

இனி அந்தச் சம்பளம்.

23 பேர் சேர்ந்து 17 பேர் முடித்தோம். எனக்குத் தெரிந்தவரை இப்போது ஐந்து பேர் எம்.எஸ்.டபிள்யூ. (இதே துறையின் முதுநிலை) படிக்கிறார்கள், மூன்று பேர் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங், இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ஒருவன் பைனான்ஸ் கம்பெனியில் வசூல் பார்க்கிறான் (ஆள்களிடம் பேசத் தெரிந்தவனாம், எடுத்துக்கொண்டார்கள்). துறையிலேயே வேலை பார்ப்பது என்னையும் சேர்த்து நாலு பேர். பள்ளி இடைநின்ற பிள்ளைகளை மறுபடி சேர்க்கும் ஒரு திட்டத்தில் எனக்கு மாசம் 13,500. திட்டம் மார்ச்சில் முடிகிறது, அதன் பிறகு தெரியாது. நேர்முகத் தேர்வில் ஆறு முறையைக் கேட்பார்களா ஏழு கோட்பாட்டைக் கேட்பார்களா என்று படித்துவிட்டுப் போனேன். “டூ வீலர் ஓட்டுவீங்களா, லைசென்ஸ் இருக்கா, தமிழ் டைப்பிங் தெரியுமா?” மூன்றே கேள்விதான். சம்பளம் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா என்று கேட்டேன். “இது சேவைம்மா, சம்பளத்தப் பாத்து வரக் கூடாது” என்றார் எதிரில் இருந்தவர். கரும்பலகையில் கோடு போட்டு அடித்த வார்த்தை, அப்படியே எழுந்து வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

அரசு வேலை உண்டா என்று எல்லா அம்மாக்களும் கேட்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப்பணியாளர் இடத்துக்கு எங்கள் பட்டம் செல்லும்; நான் பார்த்த விளம்பரத்தில் மாதம் 18,536 ரூபாய், ஒப்பந்த அடிப்படை. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையங்களிலும் வழக்குப் பணியாளர் (கேஸ் ஒர்க்கர்) இடங்கள் வரும், அவையும் ஒப்பந்தம்தான். மருத்துவமனையில், மனநலத் துறையில், ஆலை நல அலுவலராக என்று கொஞ்சம் மேலே போக வேண்டுமானால் எம்.எஸ்.டபிள்யூ. கேட்பார்கள். அங்கேதான் பெரிய வயிற்றெரிச்சல். எம்.எஸ்.டபிள்யூ.வில் எந்தப் பட்டம் படித்தவரும் சேரலாம். பி.எஸ்சி. கணிதம் முடித்தவளும், மூன்று வருஷம் வெயிலில் அலைந்த என் தோழியும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில். முதல் வருஷம் மறுபடியும் 1601 ஏழைகள் சட்டம். அமெரிக்காவில் இளநிலை முடித்தவருக்கு முதுநிலையில் ஒரு வருஷம் வரை குறைத்துக் கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு. அவர்கள் பாடத்தையெல்லாம் கொண்டுவந்தவர்கள் இதை மட்டும் கொண்டுவரவில்லை.

வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது, நர்ஸுக்கு நர்ஸிங் கவுன்சில் இருக்கிறது. 2021-ல் வந்த துணை மருத்துவப் பணிகளுக்கான சட்டத்தின் பட்டியலில் மருத்துவ, மனநல சமூகப்பணியாளர்களைச் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு வெளியே களத்தில் இருக்கிற என் போன்றவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆகவே பிறந்தநாள் ஃபிளெக்ஸில் கூலிங் கிளாஸ் போட்டு நிற்கிற அண்ணனும் ‘சமூக சேவகர்’, நானும் அதே வரிசை.

வேலை வாய்ப்புக்கு ஐந்துக்கு ஒன்றரை.

இவ்வளவுக்குப் பிறகும் சேரலாமா என்றால், சில பிள்ளைகளுக்குச் சேரு என்றுதான் சொல்கிறேன். முடித்தவுடன் வீட்டுக்கு முழுச் சம்பளம் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்கிற பிள்ளைக்கு வேண்டாம். எம்.எஸ்.டபிள்யூ.வரை போக வீட்டில் தாங்குவார்கள், அந்நியர் வீட்டு வாசலில் உட்கார எனக்குக் கூச்சமில்லை என்கிறவளுக்குச் சரி. மூன்று வருஷத்துக்குள் ஸ்கூட்டியும் தமிழ் டைப்பிங்கும் கட்டாயம் பழகிவிடு என்று மட்டும் சேர்த்துச் சொல்வேன்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். துறைக்கு நேராகப் போய், ஒரு சூப்பர்வைசருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். ஆசிரியர்கள் எத்தனை வருஷமாக அங்கேயே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். போக்சோவை எந்த செமஸ்டரில் நடத்துகிறீர்கள் என்று கேளுங்கள். கேள்வியே புரியாமல் பார்த்தார்கள் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். கடைசியாக, போன வருஷத்துப் பிள்ளை ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஆள்களின் பெயரை மறைத்துக்கொண்டு காட்டட்டும், பெயர் நமக்கு வேண்டாம். ஓரங்களில் சிவப்பு மை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெறும் கையெழுத்தும் தேதியுமாக இருந்தால் அடுத்த கல்லூரிக்கு பஸ் ஏறுங்கள்.

என் மூன்றாம் செமஸ்டர் நோட் விடுதிப் பெட்டியோடு ஊருக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு அவ்வளவாகப் படிக்க வராது. ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்னத்தா, எல்லாம் தப்புன்னு சொவப்புல போட்டுருக்காக?” என்று கேட்டார்.